புகையிலை நோயும் மின்னணுச் சில்லும்

வகுப்பறையில் ஆசிரியர் ஒவ்வொருவரும் என்றேனும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "இதனைப் படிப்பதால் என்ன பயன்?" என்பதே அவ்வினா. கணக்குப் பாடத்தில் பாஸ்கல் முக்கோணத்தைக் கரும்பலகையில் வரையும்போதும், உயிரியல் பாடத்தில் இலைநோயை விளக்கும்போதும், இலக்கண வகுப்பில் விதிகளை அடுக்கும்போதும் பின்வரிசையிலிருந்து இவ்வினா எழும். சினந்து அடக்கும் ஆசிரியரும் உளர். தேர்வைக் காட்டி அச்சுறுத்துவாரும் உளர். இவ்விரண்டும் விடையாகா. மெய்யான விடையை வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

அத்தகைய வரலாறு ஒன்றினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும், இயற்கையில் காணப்படும் கணித ஒழுங்குகளையும் துணைகொண்டு மிகச் சிறிய மின்னணுக் கருவிகளை உருவாக்க அறிஞர்கள் முயன்ற வரலாறு அது. அதன் தொடக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. வாடிய புகையிலை இலையிலும், நகரக் கழிவுநீரிலும், தளத்தில் பதிக்கும் வண்ணக்கற்களைப் பற்றிய ஒரு புதிரிலுமே அது தொடங்கியது.

சிற்பியின் வழி

மின்னணுச் சில்லு செய்யும் கலை சிற்பியின் கலையை ஒத்தது. சிற்பி கல்லில் வேண்டாத பகுதிகளைச் செதுக்கி நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கிறார். சில்லு செய்வோரும் சிலிக்கான் தகட்டின்மீது ஒளியால் உருவங்களைப் பதித்து, வேண்டாதவற்றை அரித்து நீக்கி, நுண்ணிய மின்சுற்றுகளைப் படைக்கின்றனர். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் எனக் கார்டன் மூர் 1965-இல் கணித்தார். 1975-இல் அக்கால அளவை ஈராண்டாகத் திருத்தினார். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய சில்லுகளிலோ அவை பல நூறு கோடிகளாகப் பெருகிவிட்டன.

மலேசிய மக்களுக்கு இக்கலை அயலானதன்று. 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழத் தொடங்கின. நம் நாட்டு இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரினும் மெல்லிய பொன்னிழைகளைச் சில்லுகளில் இணைத்தனர். மனிதக் கையும் கண்ணும் எத்துணைச் சிறிய பொருளைக் கையாள முடியும் என்பதற்கு அவர்கள் உழைப்பே சான்று. அதற்கு மேலும் ஓர் எல்லை உண்டு என்பதையும் அவர்கள் உழைப்பே உணர்த்தியது.

அந்த எல்லைக்கு அப்பால் செல்லும் வழியை 1959 டிசம்பர் 29-ஆம் நாள் இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன் சுட்டிக்காட்டினார். கலிபோர்னியாவில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், பொருள்களை அணு அளவு வரை சிறிதாக்க இயற்கையின் விதி எதுவும் தடையாக இல்லை என்று அவர் வாதிட்டார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் உயிரணுவைக் காட்டினார். உயிரணு மிகச் சிறியது; ஆயினும் அது செய்திகளைச் சேமிக்கிறது; பொருள்களைப் படைக்கிறது; இயங்குகிறது. இயற்கை சிற்பியைப் போலச் செதுக்குவதில்லை. சிறு கூறுகள் தாமே வந்து பொருந்தி உருவாகும்படி செய்கிறது. அத்தகைய பொருத்தம் உண்மையில் நிகழ்வதை, ஃபைன்மன் பேசுவதற்கு நான்காண்டுகள் முன்பே வேறோர் ஆய்வுக்கூடம் கண்டறிந்திருந்தது. அதனை அறியப் புகையிலைத் தோட்டத்திற்குச் செல்லவேண்டும்.

இலைக்குள் ஒரு கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையிலைச் செடிகளை ஒரு நோய் வாட்டியது. இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்த திட்டுகள் தோன்றின. உருசிய அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி நோயுற்ற இலைச் சாற்றைப் பாக்டீரியாவும் புக இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. இதனை அவர் 1892-இல் அறிவித்தார். 1898-இல் டச்சு அறிஞர் மார்ட்டினஸ் பெய்யரிங்க் இது பாக்டீரியாவினும் வேறான ஒன்று எனத் துணிந்து, அதற்கு வைரஸ் என்னும் பெயரை வழங்கினார். இன்று நாம் நச்சுயிரி என்று குறிப்பதும் அதனையே.

1935-இல் அமெரிக்க அறிஞர் வெண்டல் ஸ்டான்லி இந்நச்சுயிரியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பையும் சர்க்கரையையும் போல ஓர் உயிர்ப்பொருள் படிகமாயிற்று என்பது உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஒழுங்கான அடுக்கு உள்ளே இல்லையேல் படிகம் தோன்றாது. எனவே நச்சுயிரிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கவேண்டும் என அறிஞர்கள் உணர்ந்தனர்.

அக்கணக்கைத் தெளிவாகப் படித்தறிந்தோருள் முதன்மையானவர் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார். 1953 முதல் இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் எக்ஸ்-கதிர்ப் படங்களின் வாயிலாக இந்நச்சுயிரியை அவர் ஆராய்ந்தார். அதன் வடிவம் உள்ளே துளையுள்ள ஒரு குழல். நீளம் 300 நானோமீட்டர். அகலம் 18 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். ஒரே மாதிரியான ஏறத்தாழ 2,130 புரத அலகுகள் சுழற்படிக்கட்டுபோல அடுக்கப்பட்டு அக்குழல் அமைந்துள்ளது. மூன்று சுற்றுக்கு 49 அலகுகள் என்பது அதன் ஒழுங்கு. புரதச் சுவரின் நடுவே மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை பதிந்து கிடக்கிறது. 1958-இல் தம் 37-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்; அவர் ஆய்வின் பயனாய் எழுந்த நச்சுயிரி மாதிரி அவ்வாண்டு பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையே 1955-இல் பெர்க்கிலியில் ஹைன்ஸ் ஃபிரெங்கல்-கொன்ராட், ராப்லி வில்லியம்ஸ் ஆகிய இருவரும் இந்நச்சுயிரியின் புரதத்தையும் ஆர்.என்.ஏ. இழையையும் தனித்தனியே பிரித்து, மீண்டும் ஒரு கலத்தில் கலந்தனர். அடுக்கித்தர எவரும் இல்லை, அச்சும் இல்லை, கருவியும் இல்லை. ஆயினும் கூறுகள் தாமே பொருந்தின. நோயைப் பரப்பும் ஆற்றலுள்ள குழல்கள் மீண்டும் உருவாயின. தாமே கூடி அமையும் இந்நிகழ்வே நம் வரலாற்றின் அடித்தளமாகும்.

குழல் வடிவமேயன்றிக் கோள வடிவ நச்சுயிரிகளும் உள. 1962-இல் டொனால்டு காஸ்பர், ஆரன் குளூக் ஆகியோர் அவற்றின் கணிதத்தை விளக்கினர். கால்பந்தின் தோலில் ஐங்கோணங்கள் 12 உள்ளனபோல, இக்கோளங்களிலும் ஐங்கோண அமைப்புடைய இடங்கள் 12 மட்டுமே. கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்களே அவர்களுக்குத் தூண்டுதலாயின. 1998-இல் டிரெவர் டக்ளஸ், மார்க் யங் ஆகிய இருவரும் காராமணிச் செடியைத் தாக்கும் ஒரு நச்சுயிரியின் உள்ளீட்டை நீக்கி, வெறுங்கூட்டுக்குள் கனிமப் படிகத்தை வளர்த்துக் காட்டினர். நோய் தந்த கூடு நுண்பொருள் வார்க்கும் அச்சாயிற்று. 2006-இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையிலை நச்சுயிரியின்மீது பிளாட்டினத் துகள்களைப் பதித்து, செய்தியைத் தாங்கும் நினைவகக் கருவி ஒன்றைச் செய்தனர். இவனோவ்ஸ்கி வடிகட்டிய சாற்றுக்கும் அந்த நினைவகத்துக்கும் இடையே நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கடல் நத்தை தந்த பாடம்

அபலோன் என்பது பாறைகளைப் பற்றி வாழும் ஒருவகைக் கடல் நத்தை. அதன் சிப்பியின் உட்புறம் முத்துப்போல் ஒளிரும். சிப்பியின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பொருளே. இயற்கையில் கிடைக்கும் சுண்ணக்கட்டியும் வேதியியலில் அதனோடு ஓரினமே. ஆயினும் சுண்ணக்கட்டி விரலழுத்தத்தில் உடைகிறது. சிப்பியோ எளிதில் உடைவதில்லை. நத்தை சுரக்கும் சிறிதளவு புரதம், சுண்ணாம்பு எவ்வடிவில் படிகமாகவேண்டும் என்பதை ஆள்வதே காரணம். ஆஞ்சலா பெல்ச்சர் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் தம் மாணவப் பருவத்தில் ஆராய்ந்தது இதனைத்தான். அவ்வாய்வு 1996-இல் வெளிவந்தது.

சிப்பியை ஆராய்ந்தவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. புரதம் சுண்ணாம்பை ஆளுமாயின், மின்னணுவியலுக்கு வேண்டிய குறைகடத்திகளையும் உலோகங்களையும் ஆளாதா? நத்தை அவற்றைத் தொட்டதே இல்லை. எனவே அவற்றைப் பற்றும் புரதத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

அதற்கு உதவ எம்13 என்னும் நச்சுயிரி ஆயத்தமாக இருந்தது. மியூனிக் நகரக் கழிவுநீரில் கிடைத்த அதனைப் பீட்டர் ஹான்ஸ் ஹோப்ஷ்னைடர் 1963-இல் அறிவித்திருந்தார். அது மனிதனைத் தாக்குவதில்லை; குடலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவையே தாக்குகிறது. நூல்போன்ற உடல், நீளம் ஏறத்தாழ 900 நானோமீட்டர், தடிப்பு ஆறேழு நானோமீட்டர். அதன் உடலை ஏறத்தாழ 2,700 ஒரேமாதிரிப் புரதங்கள் ஒழுங்காகப் போர்த்தியுள்ளன. ஒரு முனையில் மட்டும் வேறொரு புரதம் ஐந்து படிகளாக நிற்கிறது.

இத்தகைய நூல்வடிவ நச்சுயிரிகளின் மரபணுவில் ஒரு துண்டைச் செருகினால், அதற்குரிய புரதத்துண்டு உடலின் மேற்பரப்பில் வெளிப்படும் என்பதை 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் காட்டினார். பின்னர் 2018-இல் அவர் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதனால் கோடிக்கணக்கான நச்சுயிரிகளை, ஒவ்வொன்றும் வெவ்வேறு புரதத்துண்டைத் தாங்கி நிற்குமாறு செய்ய முடிந்தது. பெல்ச்சர் குழுவினர் ஏறத்தாழ நூறு கோடி வகைகள் அடங்கிய அத்தகைய தொகுதியைக் குறைகடத்திப் படிகங்களின்மேல் ஊற்றிக் கழுவினர். ஒட்டாதவை நீங்கின, ஒட்டியவை பாக்டீரியாவில் வளர்க்கப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட்டன. நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவது போன்ற செயல் இது. காலியம் ஆர்சனைடைப் பற்றிச் சிலிக்கானை விட்டுவிடும் புரதத்துண்டுகள் கிடைத்தன. 2000-ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று.

அதன்பின் பயன்கள் தொடர்ந்தன. 2006-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எம்13-இன் உடற்புரதங்களில் கோபால்ட் ஆக்சைடும் பொன்னும் படியுமாறு செய்து, மின்கலத்தின் எதிர்மின்முனைக்கான நுண்கம்பிகளை அவர் குழு உருவாக்கியது. சூளையின் பெருவெப்பம் தேவைப்படவில்லை. அறையின் வெப்பமே போதுமாயிற்று. 2009-இல் நேர்மின்முனையும் உருவாயிற்று. நச்சுயிரியின் நீண்ட உடல் இரும்புப் பாஸ்பேட்டைத் தாங்கியது. அதன் முனை மின்சாரத்தைக் கடத்தும் நுண்கரிக்குழலைப் பற்றிக்கொண்டது. அவ்வாறு அமைந்த சிறு மின்கலம் ஒரு விளக்கை ஒளிரச் செய்தது.

தளக்கல்லும் கோலமும்

நச்சுயிரியின் ஒழுங்கு ஒன்றே திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு. மின்சுற்று அத்தகையதன்று, ஓரிடம் போல் மற்றோரிடம் இராது. சிக்கலான வடிவமும் தானே அமையுமா? இவ்வினாவுக்கு விடை கணிதத் துறையிலிருந்து வந்தது.

1961-இல் ஹாவ் வாங் என்னும் சீனத் தருக்க அறிஞர் ஒரு புதிரை எழுப்பினார். சதுரத் தளக்கற்கள் சில வகை உள்ளன. அவற்றின் நான்கு விளிம்பும் வண்ணமுடையவை. ஒரே வண்ண விளிம்புகளே அடுத்தடுத்து வரலாம். அக்கற்களைக் கொண்டு எல்லையற்ற தளத்தை நிரப்ப முடியுமா? எல்லாத் தொகுதிக்கும் பொருந்தும் முடிவுமுறை எதுவும் இதற்கு இல்லை என ராபர்ட் பெர்கர் 1966-இல் மெய்ப்பித்தார். காரணம் வியப்பானது. விளிம்பு பொருந்தவேண்டும் என்னும் எளிய விதியே, கணிப்பொறி செய்யவல்ல கணக்கு அனைத்தையும் செய்யும் ஆற்றலைத் தன்னுள் கொண்டிருந்தது.

எளிய விதியிலிருந்து விரிந்த வடிவம் பிறப்பது தமிழ்ப் பெண்டிர் வைகறையில் முற்றத்தில் இடும் கோலத்திலும் உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் அறிஞர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து, கோலங்களை உருவாக்கும் விதிகளை ஒரு மொழியின் இலக்கணமாகவே வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எழுத்து சொல்லாகவும் சொல் தொடராகவும் விதிப்படி வளர்வதுபோல், புள்ளியும் கோடும் கோலமாக வளர்கின்றன என்பது அதன் கருத்து. அதே ராணி சிரோமணி அம்மையார் 1992-இல் தம் துணையாய்வாளருடன், வளைய வடிவ டி.என்.ஏ. இழைகள் வெட்டுண்டு மீண்டும் இணைவதனை இலக்கண விதிகளால் ஆராய்ந்தார். கோலத்தின் இலக்கணம் கற்ற உள்ளம் உயிரிழையின் இலக்கணத்தையும் நாடியது.

இதே காலத்தில் அமெரிக்காவில் நெட் சீமன் வேறு வழியில் டி.என்.ஏ. இழையை அணுகினார். 1980-இல் அவர் எஷரின் மரச்செதுக்கோவியம் ஒன்றை நினைவுகூர்ந்தார். மீன்கள் மூன்று திசையிலும் வரிசையாக அணிவகுத்து நிற்கும் ஓவியம் அது. டி.என்.ஏ. இழைகளைக் கிளைவிடச் செய்தால் அவ்வாறே அணிவகுக்கும் என அவர் எண்ணினார்; அக்கருத்தை 1982-இல் வெளியிட்டார். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒவ்வொன்றும் தனக்குரிய இணையோடு மட்டுமே சேரும். ஆதலின் இழைமுனையே வாங்கின் வண்ண விளிம்பாகப் பயன்படும். இவ்விரண்டையும் இணைத்தவர் எரிக் வின்ஃப்ரீ. 1998-இல் அவரும் சீமனும் துணைவர்களும் டி.என்.ஏ. தளக்கற்களாலான படிகத் தகட்டை உருவாக்கினர்.

2004-இல் பால் ராத்மண்டு, நிக் பாப்படாகிஸ் ஆகியோருடன் வின்ஃப்ரீ மேலும் ஒருபடி சென்றார். மேலுள்ள இரு கற்களின் குறிகள் ஒன்றாயின் சுழியும், வேறாயின் ஒன்றும் வரவேண்டும் என்பதே விதி. பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்களை மட்டும் கருமையாக்கினால் முக்கோணத்துக்குள் முக்கோணமாக ஒரு வடிவம் தோன்றும். மாணவர் தாமே செய்து காணலாம். அதே வடிவம் டி.என்.ஏ. தளக்கற்களில் தானே வளர்ந்தது. நூற்றில் ஒன்று முதல் பத்துக் கற்கள் வரை பிழையாகவும் அமைந்தன என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இரு வழிகள் கூடிய இடம்

நச்சுயிரி வழியும் கணித வழியும் 2006-இல் ஒன்றாகக் கூடின. ராத்மண்டு ஒரு நீண்ட இழையை எடுத்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றிழைகளை ஊசித்தையல்போல் அதில் சேர்த்து, வேண்டிய வடிவில் மடித்தார். எல்லாவற்றையும் ஒரே நீர்மத்தில் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டதே அவர் செய்த வேலை. இரண்டு மணி நேரத்திற்குள் விண்மீன்களும், முக்கோணங்களும், சிரிக்கும் முகங்களும் தாமே மடிந்து உருவாயின. ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 100 நானோமீட்டர். அவர் மடித்த நீண்ட இழை எது தெரியுமா? 7,249 எழுத்துகள் கொண்ட எம்13 நச்சுயிரியின் டி.என்.ஏ. இழையே! மியூனிக் கழிவுநீரில் கிடைத்த அதே நச்சுயிரி, ஓரிடத்தில் மின்கலக் கம்பியாயிற்று. மற்றோரிடத்தில் ஓவியத் தாளாயிற்று.

2009-இல் ஐ.பி.எம். ஆய்வாளரும் ராத்மண்டும் சேர்ந்து, சில்லுத் தொழிலின் முறைப்படி பொறித்த தகட்டில் இவ்வடிவங்களைக் குறித்த இடங்களில் அமர்த்திக் காட்டினர். சிற்பியின் வழியும் இயற்கையின் வழியும் அங்கே கைகோத்தன. 2010-இல் மடித்த டி.என்.ஏ. தாளின்மேல் இரு நுண்கரிக்குழல்கள் குறுக்காக அமர்ந்து டிரான்சிஸ்டராகச் செயற்பட்டன.

எட்டியதும் எட்டாததும்

வரலாறு எழுதுவோர் மிகைபடக் கூறலாகாது. உலகின் மின்னணுச் சில்லுகள் இன்றும் ஒளியால் செதுக்கும் முறையிலேயே செய்யப்படுகின்றன. நூற்றுக்கு ஒரு பிழை என்பது ஆய்வுக்கூடத்தில் வெற்றி. பல நூறு கோடி உறுப்புகள் ஒருங்கே இயங்கவேண்டிய சில்லிலோ அது தோல்வியே. தாமே கூடி அமையும் பொருள்களைப் பிழையின்றிக் கூடச் செய்வதும், கோடிக்கணக்கில் உரிய இடத்தில் அமர்த்துவதும் எளியவை அல்ல. சிற்பியின் உளி இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

ஆயினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. இவனோவ்ஸ்கி நினைவகக் கருவியை எண்ணி இலைச்சாற்றை வடிக்கவில்லை. ஹோப்ஷ்னைடர் மின்கலத்தை எண்ணிக் கழிவுநீரை ஆராயவில்லை. வாங் எழுப்பியது தருக்கப் புதிர். சிரோமணி இணையர் கண்டது கோலத்தின் இலக்கணம். ஒவ்வொருவரும் தம் முன்னிருந்த பொருளை உற்று நோக்கினர். அதன் ஒழுங்கைக் கண்டனர். கண்டதைப் பிழையறப் பதிந்து வைத்தனர். அப்பதிவுகள் இருந்தமையாலேயே பின்வந்தோர் அவற்றைப் பொருத்திப் பார்க்க முடிந்தது. பயனை முன்கூட்டியே காட்டவேண்டும் என அவர்களைக் கட்டாயப்படுத்தியிருந்தால், இச்சங்கிலியின் கண்ணிகளில் பெரும்பாலானவை தோன்றியே இரா.

எனவே பின்வரிசை மாணவர் "என்ன பயன்?" என்று வினவும்போது ஆசிரியர் நாணவேண்டியதில்லை, பொய்யாக ஒரு பயனைப் புனைந்துரைக்கவும் வேண்டியதில்லை. "இன்று எனக்குத் தெரியாது, ஆனால் இதன் ஒழுங்கு உனக்குப் புலப்படுகிறதா, பார்" என்று கூறி, பாஸ்கல் முக்கோணத்தின் ஒற்றை எண்களை வண்ணமிடச் சொல்லலாம். கரும்பலகையில் அவ்வடிவம் மெல்ல எழுவதைக் கண்ட மாணவருள் ஒருவரேனும் அன்று வீடு திரும்பும் வழியில், வாயிற்கோலத்தையும் வாடிய இலையையும் சற்றே நின்று நோக்குவாராயின், அவ்வகுப்பு பயனுடையதே.